புவிநிலைப் பாதையில் ஒரு செவி

நீண்ட பதிவு. விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நண்பர்கள் வேலையை முடித்துவிட்டு வாசிக்கலாம்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை. வடகொல்கத்தாவில் எங்கள் விடுதிக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை. மண்குவளைகளைக் கையில் ஏந்தியபடி ஏழெட்டு மாணவர்கள் ஒரே கைப்பேசித் திரையின்மேல் குனிந்திருந்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3-எம்5 ஏவூர்தி கிளம்பிக்கொண்டிருந்தது. சுமந்து சென்றது சிஎம்எஸ்-03. ஏறத்தாழ 4,410 கிலோ. இந்திய மண்ணிலிருந்து புவிநிலைப் பரிமாற்றப் பாதைக்குச் சென்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களில் மிகக் கனமானது. கடற்படைக்கானது என்று நாளிதழ்கள் எழுதின. இஸ்ரோவோ பரந்த கடற்பரப்புக்கும் இந்திய நிலப்பகுதிக்கும் பல அலைவரிசைச் சேவை என்று மட்டும் எழுதியது. ஒரு மாணவர் "உளவுக்கோள்" என்றார். இன்னொருவர் "இல்லை, பேசுவதற்கானது" என்று திருத்தினார். கடைக்காரப் பெரியவர் பாலைக் கலக்கிக்கொண்டே வங்காளத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "நாம் பேசுவதற்கா, நாம் பேசுவதைக் கேட்பதற்கா?" எல்லோரும் சிரித்தோம். கலைந்து சென்றபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருத்திய மாணவர் சொன்னதே சரி. சிஎம்எஸ்-03 ஒரு தகவல்தொடர்புக்கோள். புவிநிலைப் பாதையில் நின்று பிறர் அலைகளைக் கேட்கும் சமிக்ஞை உளவுக்கோள் ஒன்றை ஏவியதாக இந்தியா இதுவரை அறிவித்ததில்லை. எனினும் 2024 அக்டோபரில், ஏறத்தாழ 27,000 கோடி ரூபாய் செலவில் 52 கண்காணிப்புக் கோள்கள் என்ற திட்டத்துக்குப் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தபோது, தாழ்பாதையோடு புவிநிலைப் பாதையையும் சேர்த்தே நாளிதழ்கள் எழுதின. அவற்றுள் செவிகள் எத்தனை, கண்கள் எத்தனை என்பது பொதுவெளியில் இல்லை. கோள் மேலே போனபின் விவாதித்துப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள செவியிலிருந்து தொடங்குகிறேன். 2019 ஏப்ரல் 1 அன்று காலை பிஎஸ்எல்வி-சி45 ஏவிய எமிசாட், 436 கிலோ எடையோடு சுமார் 748 கிலோமீட்டர் உயரத்தில் நிலைநிறுத்தப்பட்டது. அதன் கருவித்தொகுதி டிஆர்டிஓ உருவாக்கியது. 'கௌடில்யா' என்பது திட்டத்தின் பெயர் என்று பரவலாக எழுதப்பட்டது. இஸ்ரோ தன் குறிப்பில் எழுதியதோ 'மின்காந்த அலைமாலையை அளப்பதற்கான செயற்கைக்கோள்' என்று. ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஒன்றும் விளங்கவுமில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் அமர்ந்து ஏவுதலைப் பார்க்கும் மாடம் முதன்முதலாகப் பயன்பட்டது இந்த ஏவுதலுக்குத்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. மக்கள் கைதட்டிப் பார்க்கலாம். எதற்குக் கைதட்டுகிறோம் என்பதை மட்டும் கேட்டுவிடக் கூடாது.

எமிசாட்டைப் பற்றி எனக்குப் பெரிய முறையீடு இல்லை. அது முதன்மையாகக் கேட்பது ராடார்களை. எல்லைக்கு அப்பால் எந்த மலையில் எந்த ராடார் எந்த அலைவரிசையில் துடிக்கிறது என்பதை அறிவது எந்த அரசுக்கும் தேவை. ராடாருக்கு அந்தரங்கம் கிடையாது. தவிர, தாழ்பாதையில் செல்லும் கோள் ஓரிடத்தின் வானத்தில் ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் கால்மணி நேரம் இருக்கும். பிறகு அடிவானத்தில் இறங்கிவிடும்.

புவிநிலைப் பாதை அப்படியன்று. நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே கோளும் சுற்றுவதால், கீழிருந்து பார்ப்பவருக்கு அது ஆணியடித்தாற்போல் நிற்கும். பூமிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதன் பார்வையில் இருக்கும். இரவும் பகலும் இருக்கும். இந்த நன்மைக்கு விலை உண்டு. எமிசாட்டின் உயரத்தைப்போல் இது ஏறத்தாழ 48 மடங்கு. அலையின் வலிமை தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவதால், அங்கே வந்து சேரும் சமிக்ஞை சுமார் 2,300 மடங்கு மெலிந்திருக்கும். அதை ஈடுகட்ட அலைவாங்கியின் விட்டத்தை 48 மடங்காக்க வேண்டும். தாழ்பாதையில் 2 மீட்டர் தட்டு செய்யும் வேலையை அங்கே செய்ய 96 மீட்டர் வேண்டும். கால்பந்துத் திடலின் நீளம். அதைக் குடைபோல மடக்கி, ஏவூர்தியின் தலைக்கூட்டுக்குள் திணித்து, விண்ணில் விரிக்க வேண்டும்.

அமெரிக்கா இதைச் செய்தது, ஆனால் படிப்படியாக. 1968 ஆகஸ்டில் கேன்யன் வரிசையின் முதற்கோள், 1970 ஜூனில் ரையோலைட். சோவியத் நிலப்பரப்பில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நுண்ணலையில் தொலைபேசி உரையாடல்கள் சென்றுகொண்டிருந்தன. நுண்ணலை நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. கோபுரத்தைத் தாண்டிச் சிந்தும் கற்றை நேராக விண்வெளிக்குப் போய்விடும். சிந்தியதை அள்ளுவதற்காகவே கேன்யன் அங்கே நின்றது. ரையோலைட் ஏவுகணைச் சோதனைகளின் அளவீட்டுச் சமிக்ஞைகளைக் கேட்டது. பின்வந்த ஓரியன் வரிசைக் கோள்களின் அலைவாங்கி நூறு மீட்டரளவு இருக்கும் என்பது வெளியிலிருந்து கணிப்போரின் மதிப்பீடு. 2010 நவம்பரில் அவ்வரிசையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒன்றை ஏவுமுன், அத்துறையின் இயக்குநர் புரூஸ் கார்ல்சன், உலகிலேயே மிகப்பெரிய செயற்கைக்கோள் இது என்று மேடையிலேயே சொன்னார். பெருமை சில சமயம் இரகசியத்தைவிட வலியது.

இந்தியா எங்கே நிற்கிறது? 2015 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-6இல் 6 மீட்டர் விரியும் அலைவாங்கி இருந்தது. 2018 மார்ச்சில் அதே வகை அலைவாங்கியோடு சென்ற ஜிசாட்-6ஏ, இரண்டாம் பாதையுயர்த்தலுக்குப் பின் தொடர்பிழந்தது. 2025 ஜூலையில் ஏவிய நிசார் கோளின் 12 மீட்டர் தட்டு நாசாவின் பங்களிப்பு. ஆகவே நூறு மீட்டர் செவி நாளைக்கே வராது. சிறிய செவி வரலாம். பல செயற்கைக்கோள் தொலைபேசிகளின் அலை மேல்நோக்கியே, புவிநிலைக்கோள் ஒன்றைக் குறிவைத்தே அனுப்பப்படுவது. அதன் அருகில் இன்னொரு கோள் போய் நின்றால் அதிகச் சிரமமின்றிக் கேட்கலாம்.

இது ஊகமன்று. 2009 ஜனவரியில் ஏவப்பட்ட அமெரிக்க உளவுக்கோள் ஒன்று கிழக்கு 44 பாகையில் துராயா-2க்குப் பக்கத்தில் போய் நின்றதை, மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கும் பொழுதுபோக்கு நோக்கர்கள் கண்டார்கள். துராயா-2 மேற்காசியாவிலிருந்து நம் பகுதிவரை கைப்பேசிச் சேவை தந்த வணிகக்கோள். ஏழாண்டுகள் கழித்து, 2016இல் வெளிவந்த ஸ்னோடன் ஆவணங்கள், அவர்கள் ஊகித்ததையே உறுதிசெய்தன. அதே 2009இல் செப்டம்பரில் ஏவப்பட்ட 'பான்' என்ற இன்னொரு கோள் சில ஆண்டுகள் வணிகக்கோள்களுக்கிடையே இடம்மாறி இடம்மாறி நின்றது. பெருந்திரளில் ஒவ்வொருவர் தோளருகிலும் சற்றுநேரம் நின்று செல்பவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்பாதைச் செவி இயந்திரங்களைக் கேட்டது; புவிநிலைச் செவி மனிதக் குரலைக் கேட்கும். என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

ஒற்றே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. திருக்குறளில் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதை அரசியல் கடமைகளுள் ஒன்றாக வைத்த மரபு நமது. அண்மைக் காலத்திலும் காரணம் உண்டு. 1999 மே மாத இறுதியில் பாகிஸ்தான் படைத்தலைவர் முஷாரஃப் பெய்ஜிங்கிலிருந்து தம் தலைமை அதிகாரி அஜீஸ் கானோடு பேசிய தொலைபேசி உரையாடல்கள் நம் உளவுத்துறையின் கையில் சிக்கின. கார்கிலில் ஊடுருவியது யார் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்காது. ஜூன் 11 அன்று அரசு அவற்றை உலகுக்கு வெளியிட்டது. வெளியிட்டது அறிவா, ஒரு நல்ல வாயிலை நாமே அடைத்துக்கொண்டோமா என்ற விவாதம் பிறகு எழுந்தது. எனக்கு அந்த விவாதத்தைவிட அதன் அடியில் கிடக்கும் கேள்வியே முக்கியம். கேட்பதா, வைத்திருப்பதா, வெளியிடுவதா என்பதை எந்தச் சட்டத்தின்கீழ் யார் முடிவுசெய்தார்கள்? போர்க்காலத்தில் இப்படிக் கேட்பது அபத்தமாகத் தோன்றும். அமைதிக்காலத்தில் நாம் கேட்பதே இல்லை.

சட்டத்துக்கு வருவோம். இங்கே நான் வாழும் ஊர் உள்ளே வருகிறது.

இந்தியாவின் முதல் தந்திப் பரிசோதனைகள் கொல்கத்தாவில் நடந்தன. மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஓஷானெசி 1839இல் இங்கே கம்பியிழுத்துப் பார்த்தார். 1851இல் கொல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. 1885இல், இந்நகர் தலைநகராக இருந்த காலத்தில், இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. அதன் 5(2) பிரிவு 'பொது நெருக்கடி' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்ற நிலையில் செய்தியை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமல், சுவர்களை ஊடுருவி, மணியை ஒலிக்கவைத்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் இந்நகர மக்களுக்குக் காட்டியது 1895இல். ஆக, வான்வழி அலையை நாம் கேட்பதற்கே பத்தாண்டுகளுக்கு முன்பு ஒட்டுக்கேட்புச் சட்டம் தயாராக இருந்தது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. சட்டம் அதற்கப்புறமும் பத்தாண்டுகள் வாழ்ந்தது. தந்திக்காரர் இறந்தபின்னும் அவர் பெயரில் ஆணைகள் போய்க்கொண்டிருந்தன.

1996 டிசம்பரில் மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் சில காப்புகளை வகுத்தது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்ற அதே சொற்கள் அதிலும் உட்கார்ந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் இடைமறிப்புக்கான விதிகள் வந்தன. அவை ஒரு குறிப்பிட்ட காட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: உள்துறைச் செயலாளர் நிலையில் ஒருவர் ஆணையிடுகிறார், முகமை அதைச் சேவை நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரியிடம் கொண்டுபோகிறது, அவர் இணைப்பைத் திறந்துவிடுகிறார், அதிகாரிகளே அடங்கிய மறுஆய்வுக் குழு பிறகு கோப்பைப் பார்க்கிறது. குறைகள் நிறைந்த காட்சிதான். எனினும் அதில் ஒரு தாள் இருக்கிறது. தாளைக் கையில் வாங்கும் மூன்றாவது ஆள் இருக்கிறார்.

புவிநிலைச் செவிக்கு அந்த மூன்றாவது ஆள் தேவையில்லை. யாரிடமும் இணைப்பைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருடைய எண்ணைக் குறித்து ஆணை பெறுவதும் பொருளற்றுப்போகிறது. ஏனெனில் அங்கே கேட்பது ஒரு எண்ணை அன்று, ஓர் அலைக்கற்றை முழுவதையும். எல்லாவற்றையும் அள்ளியபின்தான் எது வேண்டும் என்று தேடப்படும். எல்லைக்கோட்டில் நின்றுகொள்ளும் வித்தை அலைவாங்கிக்குத் தெரியாது. வங்கக்கடலின்மேல் திருப்பிய தட்டு மலாக்கா நீரிணைக் கப்பலையும் காக்துவீப் மீனவரையும் இராமேஸ்வரத்து மீனவரையும் ஒரே வீச்சில் உள்ளே எடுத்துக்கொள்ளும்.

மீனவரை வாதத்துக்காக இழுத்துவரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு கடலோர ஊர்களில் எழுந்த கோரிக்கைகளுள் முதன்மையானது செயற்கைக்கோள் தொலைபேசி. பாதுகாப்பைக் காரணம் காட்டி நாம் மிக இறுக்கமாகப் பூட்டிவைத்திருக்கும் கருவி அது. துராயா கருவியோடு விமான நிலையத்தில் இறங்கிக் கைதான சுற்றுலாப் பயணிகளைப் பற்றி அவ்வப்போது செய்தி வரும். அனுமதி பெற்றோருக்கு இன்மார்சாட் வழியாக பிஎஸ்என்எல் சேவை தருகிறது. அந்தக் கருவியை உயிர்காப்புப் பொருளாக வாங்கும் மீனவர், வேறொரு மேசையில் கேட்கத்தக்க இலக்காகவும் ஆகிறார். அவர் பேசுவது டீசல் விலை, மகளின் கல்லூரிக் கட்டணம், எல்லை தாண்டிவிட்டோமோ என்ற அச்சம். கடைசியதைக் கேட்பதில் மூன்று நாடுகளுக்காவது ஆர்வம் உண்டு. அந்தப் பதிவு எவ்வளவு காலம் இருக்கும், யாரிடம் போகும், அவர்மீதே வழக்கில் பயன்படுமா என்பதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் யாருமில்லை.

'அது நாட்டுக்கு வெளியே, விண்ணில் நடப்பது. உள்நாட்டுச் சட்டம் ஏன்?' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஜெர்மனியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அந்நாட்டு வெளிநாட்டு உளவுத்துறை பவேரியாவிலுள்ள பாத் ஐப்லிங் நிலையத்தில் செயற்கைக்கோள் அலைகளைப் பிடித்துவந்தது. தரவு பிடிக்கப்படும் இடம் விண்வெளி, ஆகவே ஜெர்மானியச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று அத்துறை ஒரு விளக்கம் வைத்திருந்தது. தட்டு நின்றதோ ஜெர்மன் புல்தரையில். நாடாளுமன்ற விசாரணையில் இது வெளிவந்தபோது 'விண்வெளிக் கோட்பாடு' என்ற பெயரே கேலிக்குரியதாயிற்று. 2020 மே 19 அன்று அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம், ஜெர்மன் அரசு எங்கே செயல்பட்டாலும், வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவரிடமே ஆனாலும், அடிப்படை உரிமைகள் அதைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் திருத்தப்பட்டது. உளவுத்துறை மூடப்படவில்லை, இன்றும் கேட்கிறது.

நம் முகமைகளுக்கோ நாடாளுமன்றம் இயற்றிய தாய்ச்சட்டமே இல்லை. உளவுப் பிரிவு, ரா, கார்கிலுக்குப் பின் உருவான தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு ஆகிய எல்லாம் நிர்வாக ஆணையால் நிற்பவை. 2011இல் மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது தனிநபர் மசோதாக்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கே போனது. தகவல் அறியும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இவையும் டிஆர்டிஓவும் விலக்குப் பெற்றுள்ளன.

சரி, இதில் ஆய்வு மாணவர்களுக்கு என்ன வேலை? என் துறையின் முழு மனக்குறையும் இங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகில் பைன் கேப் என்ற நிலையம். ரையோலைட் வரிசைக் கோள்களின் தரைநிலையம் அது. பல ஆண்டுகள் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'கூட்டுப் பாதுகாப்பு விண்வெளி ஆராய்ச்சி நிலையம்'. ('மின்காந்த அலைமாலையை அளத்தல்' நினைவுக்கு வருகிறதா?) ஆராய்ச்சி ஏதும் அங்கே நடக்கவில்லை என்பதை ஆஸ்திரேலிய மக்களுக்கு விரித்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் டெஸ்மண்ட் பால். நாடாளுமன்றக் குறிப்புகள், ஒப்பந்த அறிவிப்புகள், அலைவாங்கிகளின் ஒளிப்படங்கள் என்று பொதுவெளியில் கிடைத்தவற்றைப் பொறுமையாகக் கோத்தவர். 1980இல் அமெரிக்க நிலையங்கள் பற்றி ஒரு நூல். 1988இல் புவிநிலைச் சமிக்ஞை உளவுக்கோள் திட்டத்தைப் பற்றியே பைன் கேப் என்ற தலைப்பில் ஒரு நூல். அவரை யாரும் தேசத்துரோகியென்று பல்கலைக்கழகத்தைவிட்டு ஓட்டவில்லை. பிற்காலத்தில் அரசே அவரிடம் கருத்துக் கேட்டது. 1996இல் அவர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையின் சமிக்ஞை உளவு பற்றியும் ஒரு நூல் எழுதினார். கான்பெராவில் அமர்ந்து எழுதினார். கொழும்பில் கோல்ஃப் திடலில் பிரிட்டிஷார் நிறுவிய ஆண்டர்சன் செவிநிலையத்தின் வரலாறு நம் அண்டை வீட்டு வரலாறு. அதைத் தேடும் தமிழ் மாணவருக்கும் அயல்நாட்டு நூலே கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் இந்தத் தலைப்பில் ஓர் இயலை என் ஆய்வேட்டில் சேர்க்க முனைந்தபோது மூத்தவர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "வேலை கிடைத்தபின் எழுதலாமே, தம்பி." பெயர் சொல்லப்போவதில்லை, அவர்மீது கோபமும் இல்லை. 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறையின் பழக்கமான அக்கறை அது. தடை வேண்டாம், அக்கறையே போதும்; இயல் வெட்டுப்பட்டுவிடும்.

ஆனால் இதே நகரத்தில் வேறொரு மரபும் இருக்கிறது. சிசிர் குமார் மித்ரா ராஜாபஜார் அறிவியல் கல்லூரியில் வானொலி இயற்பியலை நட்டு வளர்த்தார். 1947இல் ஆசியவியல் கழகம் வெளியிட்ட அவருடைய மேல்வளிமண்டல நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. 1949இல் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியல் நிறுவனம் தனித்துறையாயிற்று. பின்னர் ஹரின்காட்டாவில் அயனி மண்டலக் களநிலையம். கொல்கத்தாவின் வானம் இதற்கு வாய்ப்பானது. தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்லும் காந்த நடுக்கோட்டின்மேல் பகலில் மேலெழும் மின்னூட்டத் துகள்கள் காந்தக்கோடுகளின் வழியே வடக்கும் தெற்குமாகச் சரிந்து குவியும். வடக்குக் குவியலின் உச்சி ஏறத்தாழக் கொல்கத்தாவின்மேல் விழுகிறது. சூரியன் மறைந்தபின் நடுக்கோட்டுக்கு மேல் எழும் வெற்றுக்குமிழ்கள் இந்தக் குவியலுக்குள் நீளும்போது, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை விண்மீன்போல் மினுங்கும். சில இரவுகளில் தொடர்பே அறுந்துபோகும்.

அந்த மினுக்கத்தை அளக்க இந்த நிறுவனத்தார் எந்த அலையைக் கேட்டார்கள் தெரியுமா? கிழக்கு 73 பாகையில் நின்ற ஃபிளீட்சாட்காம் கோளின் சுமார் 250 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை. அது அமெரிக்கக் கடற்படையின் புவிநிலைக்கோள். அயல்நாட்டு இராணுவக் கோள் ஒன்றை ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கணக்கில், இரவிரவாகக் கேட்டது. செய்தியில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அலை எவ்வளவு துடித்தது என்பதே வேண்டியிருந்தது. கேட்டதை எல்லோரும் வாசிக்க ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள். நாளை நம் புவிநிலைச் செவி வங்கக்கடலின்மேல் திரும்பும்போது, குறைந்த அலைவரிசைகளில் அதுவும் இந்த மினுங்கும் வானத்தின் ஊடாகத்தான் கேட்க வேண்டும். அந்த வானத்தைப் பற்றி அரசுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, கதவைத் திறந்துவைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

ஆகவே நான் கேட்பவை பெரியவை அல்ல. கோளின் அலைவரிசையைச் சொல்ல வேண்டாம். நிற்கும் பாகையையும் சொல்ல வேண்டாம் (எப்படியும் ஏதோ ஒரு மாடியிலிருந்து யாரோ கண்டுபிடித்துவிடுவார்கள்). கேட்கும் அமைப்பு எது என்று நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் எழுதட்டும். தற்செயலாக வந்து விழும் இந்தியக் குடிமக்களின் பேச்சை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று அதில் ஓர் எண் இருக்கட்டும். மறுஆய்வுக் குழுவில், ஆணையிட்ட அலுவலகத்துக்கு வெளியிலிருந்து ஒருவராவது, பணியிலோ ஓய்விலோ உள்ள நீதிபதி ஒருவர், அமரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, எத்தனை முறை விதி மீறப்பட்டது என்ற ஒற்றை எண் வெளியாகட்டும். பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கப்படும் வானொலி ஆராய்ச்சி நிதியின் ஒப்பந்தங்களில் வெளியிடும் உரிமை எழுத்தில் இருக்கட்டும்.

பிந்திய இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டால் கையெழுத்திடத் தயார் என்று நேற்று ஒரு நண்பர் சொன்னார். நீக்கவில்லை. வரைவு என்னிடம் இருக்கிறது. சட்டத்துறை நண்பர்கள் இருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்க விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள்; மறுப்பு இருந்தால் கீழேயே, எல்லோரும் பார்க்க எழுதுங்கள். தேநீர்க்கடைப் பெரியவருக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அவர் தினமும் கேட்கிறார்.